நேற்று தும்மினேன்

அன்புள்ள மல்லிகா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். கோபித்துக்கொள், ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுக் கோபித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவன் உன்னைப் போலவே, பிடித்த பிடியை விடுவதில்லை.

நேற்று அடுத்தடுத்து நான்கு தும்மல். நின்ற இடத்திலேயே நின்றேன். கால்களைப் பின்னிக்கொள்ளவில்லை, குளியலறைக்கு ஓடவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை, மல்லிகா!

சின்னவன் பிறந்ததிலிருந்து மூன்று வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட. நம் தோழி பூனைக்கண்ணி வந்திருந்த அன்று, நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தபோது நான் பாதியில் எழுந்து போனேனே, நினைவிருக்கிறதா? கோபம் என்று நினைத்தீர்கள். உடை நனைந்துவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் பார்த்த மருத்துவர், “பிள்ளை பெற்றால் இப்படித்தான்” என்று பேச்சை முடித்துவிட்டார். அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை. பிள்ளை பெற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீர்க் கசிவு இருக்கிறது. பலருக்கும் வருகிறது என்பதற்காக வாயை மூடிக்கொண்டு தாங்க வேண்டுமா?

பிறகு நானாகவே இடுப்புத்தளத் தசையை இறுக்கும் பயிற்சி செய்தேன். ஆறு மாதம், பலனே இல்லை. ஒரு பெண் இயன்முறை மருத்துவர் விரலால் பரிசோதித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. உள்ளே தூக்க வேண்டிய தசையை நான் மூச்சைப் பிடித்துக் கீழே முக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல இருக்கிறது அந்தத் தசை. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோலப் பின்னால் தொடங்கி, முன்னே கொண்டுவந்து, மேலே தூக்க வேண்டும். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். ஒவ்வொரு முறையும் முழுதாகத் தளர்த்திவிட்டுத்தான் அடுத்தது. தும்மலோ இருமலோ வரும் நொடிக்குச் சற்று முன்பே இறுக்கிக்கொள்ளவும் பழக்கினார். நேற்று கைகொடுத்தது அதுதான். ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே எழுதிவைத்த பயிற்சி இது. நம் இருவருக்கும் பிரசவம் பார்த்தவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே!

இனி உன் விஷயம். “உருண்டை ஒன்றின்மேல் உட்கார்ந்ததுபோல இருக்கிறது, மாலையானால் கீழே கனக்கிறது” என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் குழந்தையின் தொட்டிலுக்குத் தாவிவிட்டாய். மறைப்பதில் நீ பழைய ஆள், எனக்குத் தெரியாதா? உனக்கு ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். அந்தப் பிரசவத்தில் தசை கிழியும் வாய்ப்பு அதிகம். கருப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்கியிருக்கலாம். நான் எழுதியதைப் படித்துவிட்டு நீயே இறுக்கத் தொடங்காதே. சிலருக்கு அந்தத் தசை தளராமல் இறுகிக் கிடக்கும், அவர்கள் முதலில் தளர்த்தத்தான் பழக வேண்டும். எது என்று பரிசோதித்தால்தான் தெரியும். இறக்கம் என்றாலும் உடனே அறுவை சிகிச்சை என்று பயப்படாதே. பயிற்சி இருக்கிறது, உள்ளே பொருத்திக்கொள்ளும் சிலிக்கான் வளையம் இருக்கிறது. அதுவரை கழிப்பறையில் முக்காதே, காலுக்கு ஒரு முக்காலி வைத்துக்கொள்.

பரிசோதனைக்கு வெட்கமாக இருக்கும். எனக்கும் முதல் நாள் கை நடுங்கியது. அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, என் சம்மதம் கேட்டுத்தான் தொட்டார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நாள் குறித்துவிட்டு எனக்கு எழுது. நான் வருகிறேன். நீ உள்ளே போகும்போது குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன். நானும் உள்ளே இருக்க வேண்டும் என்றால் பூனைக்கண்ணியையும் இழுத்துக்கொண்டு வருகிறேன், குழந்தை அவளிடம் இருக்கட்டும்.

உன்
சாந்தா