மூன்றாம் நூலில் தடம் மாறிய டெக்ஸ்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஆங்கிலத் தொடர் நாவல்களைப் பற்றி வந்த கட்டுரை, ஜெஃப் லிண்ட்சேயின் டெக்ஸ்டர் வரிசையில் எட்டு நூல்களையும் வரிசை மாறாமல் வாசிக்கும்படி பரிந்துரைத்திருந்தது. முதல் இரண்டுக்கு அந்தச் சிபாரிசு தகும். 2007இல் வந்த மூன்றாவது நூலான 'டெக்ஸ்டர் இன் தி டார்க்'கை ஒரு வார்த்தை எச்சரிக்காமல் கையில் கொடுத்தால், புதிதாக வாசிக்க வருபவர் தொடரையே மூடி வைத்துவிடுவார். பலர் அப்படித்தான் விட்டார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் கதை முடிச்சுகள் சிலவற்றை அவிழ்த்தாக வேண்டும். இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டெக்ஸ்டர் மார்கன் அமெரிக்காவின் மயாமி போலீசில் ரத்தத் தெறிப்புகளை ஆராயும் தடயவியல் நிபுணன். இரவில் கொலைகாரன். வளர்ப்புத் தந்தை ஹாரியும் போலீஸ்காரர். பையனுக்குள் இருக்கும் கொலைவெறியை மாற்ற முடியாது என்று கண்டுகொண்ட அவர், அதைச் சில விதிகளுக்குள் கட்டிப்போடுகிறார். சட்டத்திடமிருந்து தப்பிய கொலைகாரர்களை மட்டுமே தொட வேண்டும். சந்தேகம் போதாது, சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் வேண்டும். தடயம் விடக்கூடாது. மாட்டிக்கொள்ளவே கூடாது.

சட்டத்தைத் தன் கையில் எடுக்கும் நாயகனை வாசகர் ஏற்றுக்கொள்வது இந்த விதிகளை நம்பித்தான். 2004இல் வந்த முதல் நூலின் தொடக்கத்தைப் பாருங்கள். அனாதைச் சிறுவர்களைக் கொன்று புதைத்த பாதிரியார் ஒருவரை டெக்ஸ்டர் பிடிக்கிறான். பிடித்தவுடன் கத்தியை எடுப்பதில்லை. புதைத்த உடல்களை முன்கூட்டியே தோண்டி எடுத்து வரிசையாகக் கிடத்தி வைத்திருக்கிறான்; அவரைப் பார்க்க வைக்கிறான்; அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறான். வேலை முடிந்ததும் ஒரு சொட்டு ரத்தம் நினைவுப்பொருளாகக் கண்ணாடிச் சில்லில் ஏறுகிறது. ஆதாரம், வாக்குமூலம், தண்டனை, பதிவு என்ற வரிசை கொலைக்காட்சிக்குள்ளேயே இருக்கிறது. நீதிமன்றத்தில் நடக்க வேண்டியது ஒரு பாழடைந்த வீட்டில் நடந்து முடிகிறது.

இரண்டாம் நூல் (2005) இதையே இன்னும் நீட்டிக் காட்டுகிறது. வீட்டுத் தரகன் ஒருவன் சிறுவர்களைக் கொல்கிறான் என்று டெக்ஸ்டருக்குச் சந்தேகம். அவன் வீட்டையும் படகையும் துழாவுகிறான். கிடைக்கும் படங்களில் தரகனே இருப்பதைப் பார்த்ததும், எடுத்தவன் வேறொருவனாக இருக்க வேண்டுமே என்ற கணக்கு ஓடுகிறது. தப்பித்தவறிப் படத்தில் விழுந்துவிட்ட சிவப்பு கவ்பாய் பூட்ஸ் இரண்டாவது ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. ஆள் யாரென்று தெரிந்தும் நெருங்க முடியவில்லை, ஏனென்றால் டெக்ஸ்டர்மேல் சந்தேகம் கொண்ட சக போலீஸ்காரர் சார்ஜென்ட் டோக்ஸ் நிழலாகப் பின்னால் நிற்கிறார். அவரை ஏமாற்ற மாலை வேளைகளில் காதலி வீட்டு சோபாவில் பீரும் கையுமாகக் கிடக்கிறான் நம் நாயகன். துப்பு, தடை, காத்திருப்பு என்ற மூன்றும்தான் அந்த நூலை நகர்த்துகின்றன.

மூன்றாம் நூலும் பழைய பாணியில்தான் ஆரம்பிக்கிறது. பிறகு மயாமி பல்கலைக்கழக வளாகத்தில் எரிந்த இரண்டு உடல்கள் கிடைக்கின்றன. தலைகள் இருக்க வேண்டிய இடத்தில் பீங்கான் காளைத் தலைகள். டெக்ஸ்டரைக் கொலைக்குத் தூண்டுவதும், மற்றக் கொலைகாரர்களை மோப்பம் பிடிக்க உதவுவதும் அவன் 'இருண்ட பயணி' என்று குறிப்பிடும் ஒரு உட்குரல். அந்தத் தலைகளைக் கண்டதும் அது பயந்து ஓடிவிடுகிறது. இதுவரை அருமையான யோசனை. கொலைவெறி போய்விட்டால் இவன் யார்? மோப்பம் போன நாயகன் வழக்கை எப்படித் துப்பறிவான்? உள்ளே குரல் இல்லாதபோது ஹாரியின் விதிகளுக்கு என்ன வேலை? தொடர் முழுவதிலும் இதைவிடக் கனமான கேள்வியை லிண்ட்சே எழுப்பியதில்லை.

பதில்தான் கோளாறு. அந்தப் பயணி மோலோக் என்ற பழங்காலத் தெய்வத்தின் வழிவந்த ஆவியாம். 'அது' தன் ஆதிக்கதையைத் தானே சொல்லும் பகுதிகள் நடுநடுவே வருகின்றன. சாலமோன் ராஜாவும் அரமேய எழுத்துகளும்கூட வந்துவிடுகின்றன. சாமி வந்து ஆடுகிறவர் அந்நேரம் சொன்னதை வைத்து யாரும் அவர்மேல் பிராது கொடுப்பதில்லை. டெக்ஸ்டருக்கும் அதே சலுகை கிடைத்துவிடுகிறது. மூன்று வயதில், கொல்லப்பட்ட தாயின் ரத்தத்தில் கிடந்த குழந்தை இப்படி ஆனான் என்பதிலிருந்த பதைப்பு போய்விட்டது. குற்றம் மனிதனுடையது இல்லையென்றால் தண்டனைக்கும் பொருள் இல்லை. கெட்டவனும் ஆவி பிடித்தவன், நாயகனும் ஆவி பிடித்தவன் என்றான பிறகு, விசாரணை எதற்கு, ஹாரி எதற்கு?

துப்பறியும் பகுதியும் இதனால் அடிபடுகிறது. இரண்டாம் நூலின் பூட்ஸ் போன்ற ஒரு தடயத்தை வாசகரும் டெக்ஸ்டரோடு சேர்ந்து கண்டுபிடிக்கலாம். மூன்றாம் நூலில் வருவதுபோல், காதுக்குள் இசை கேட்கிறது, கால்கள் தாமாக நடக்கின்றன என்றால் வாசகருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

முதல் நூலிலேயே இதற்கு விதை இருந்தது என்று வாதாடுவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ரத்தமே இல்லாத சடலங்கள் கிடைக்கும் அந்த வழக்கில், கொலைகள் டெக்ஸ்டரின் கனவில் வருகின்றன. கொலையாளி அவன் சொந்த அண்ணன் என்று தெரிந்த பிறகும் கனவுகளுக்கு முழு விளக்கம் இல்லை. ஆனால் அங்கே அது சந்தேகமாக மட்டுமே நின்றது. தானே தூக்கத்தில் கொன்றிருப்பேனோ என்று அவன் தன்னையே சந்தேகிப்பதுதான் அந்த நூலின் பலம்.

இந்த வகைக் கதைகளில் அடுத்த பாகம் கெட்டுப்போயே தீர வேண்டும் என்றும் விதி இல்லை. பிரையன் கார்ஃபீல்ட் 1972இல் எழுதிய 'டெத் விஷ்' நாவலை 1974இல் படமாக்கியபோது, துப்பாக்கி தூக்கியவனை வீரனாக்கிவிட்டார்கள் என்று அவருக்கே வருத்தம். 1975இல் 'டெத் சென்டென்ஸ்' எழுதி, தன் நாயகனையே கேள்வி கேட்டார். லிண்ட்சேயும் நாயகனைக் கேள்வி கேட்டிருக்கலாம். விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதை அவரும் உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 2009இல் வந்த நான்காம் நூலில் பயணி பழையபடி வெறும் உட்குரல்; மோலோக் பேச்சு காணாமல் போய்விட்டது. ஆகவே முதலிரண்டுக்குப் பின் நேராக நான்காவதுக்குப் போகலாம். மூன்றாவதிலிருந்து தெரிந்திருக்க வேண்டியவை இரண்டே. காதலி ரீட்டாவுடன் டெக்ஸ்டருக்குத் திருமணம் நடந்துவிட்டது. அவளுடைய பிள்ளைகள் கோடி, ஆஸ்டர் இருவருக்குள்ளும் அதே இருட்டு இருக்கிறது, டெக்ஸ்டர் அவர்களைப் பழக்கத் தொடங்கிவிட்டான். வாசித்தே தீருவேன் என்பவர்கள் அந்தப் பிள்ளைகளுக்காகவும், கல்யாணச் சமையல்காரனின் அலட்டலுக்காகவும் வாசிக்கலாம். நகைச்சுவையில் லிண்ட்சே எப்போதும் சோடை போனதில்லை.

2006இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நூலில், டெக்ஸ்டரோடு வேலை பார்க்கும் போலீஸ் அதிகாரி லகுவெர்ட்டா முதல் பாகத்தின் முடிவிலேயே இறந்துவிடுகிறார். திரையில் ஏழாம் பருவம் வரை இருக்கிறார். டோக்ஸ் திரையில் இரண்டாம் பருவத்தோடு சரி. நூலில் நாக்கையும் கைகளையும் பாதங்களையும் இழந்தும் உயிரோடு இருக்கிறார். இது தெரியாமல் மூன்றாவதைத் திறந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. டெக்ஸ்டர் மரவெட்டியாக மறைந்து வாழ்வதாகக் காட்டும், கட்டுரையாளர் நொந்துகொண்ட முடிவும் 2013இல் திரையில் வந்தது. நூல் வரிசை 2015இல் 'டெக்ஸ்டர் இஸ் டெட்'டோடு வேறு விதமாக முடிகிறது. அந்தப் பழியை லிண்ட்சே தலையில் போட வேண்டாம். ஏழாவது நூலில் நடிகை ஒருத்தியின் மீதான மயக்கத்தில் ஹாரியின் விதிகளை டெக்ஸ்டர் காற்றில் விட்டதற்கு வேண்டுமானால் அவரைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை