வரையாடுகளை இடம் மாற்றும் முன்: நீலகிரி வரையாடு திட்டத்தினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறையின் நீலகிரி வரையாடு திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்தும் அலுவலர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் 2024-இல் 1,031 வரையாடுகளும் அடுத்த ஆண்டு 1,303-உம் இருப்பதாக உங்கள் கணக்கெடுப்பு சொன்னபோது, ஆழியாறு–வால்பாறை மலைப்பாதையில் அவற்றை ஆண்டுக்கணக்காகப் பார்த்துவரும் நான் மனம் நிறைந்தேன். ஆனால் எந்த மலையில் எத்தனை என்பதோடு, எந்த மலையில் எந்த மரபுக்கிளை என்பதையும் நாம் அறிந்தாக வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் வரையாடுகளும், தெற்கே ஆனைமலை முதல் அகத்தியமலை வரை வாழ்பவையும் தனித்தனிக் கிளைகளாகப் பிரிந்திருப்பதை தாய்வழியே மட்டும் வரும் மரபுப்பொருளான மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பற்றிய ஆய்வு காட்டியிருக்கிறது. பாறைச் சரிவை விட்டு இறங்காத விலங்குக்கு அந்தச் சமவெளி கடக்க முடியாத கடல்தான். வரையாடுகள் அற்றுப்போன பழைய வாழிடங்களில் அவற்றை மீண்டும் குடியேற்றுவது உங்கள் திட்டத்தின் ஒரு பகுதி என்பதால், எந்த மலையின் ஆடுகளை எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கேள்வி ஏட்டளவில் நின்றுவிடாது.

பொருந்தாத கிளைகளைக் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா மலையில், ஆஸ்திரியாவிலிருந்து கொண்டுவந்த மலையாடுகள் நன்றாகவே நிலைபெற்றிருந்தன. பின்னர் துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் நெருங்கிய இனங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கலப்பில் பிறந்தவை பருவம் தவறி இணைசேர்ந்து, கடுங்குளிர் மாதமான பிப்ரவரியில் குட்டி ஈன்றன. அந்த மந்தையே அழிந்தது. அதற்காகக் கலப்பே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேரும் உட்கலப்பால் நலிந்துகிடந்த, அமெரிக்காவின் ஃபுளோரிடா பூமாக்கள் என்னும் காட்டுப்பூனைகளிடையே 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களை விட்டபிறகு, குட்டிகளின் குறைபாடுகள் குறைந்து எண்ணிக்கையும் பெருகியது. நம் மலைகளில் தனித்துச் சிறுத்துப்போன மந்தைகளுக்கும் ஒருநாள் அத்தகைய உதவி தேவைப்படலாம். எதற்கு எது பொருந்தும் என்பதை மரபணுத் தரவு இல்லாமல் முடிவெடுப்பது, இரத்த வகை பார்க்காமல் இரத்தம் ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

இத்தரவுக்காக ஒரு விலங்கையும் பிடிக்க வேண்டியதில்லை. சென்ற குளிர்காலத்தில், கொண்டை ஊசி வளைவொன்றின் தடுப்புச் சுவரோரம் ஒரு தாயாடு குட்டியோடு மேய்ந்து நகர்ந்த இடத்தில், பனி ஈரத்தில் பளபளத்த புழுக்கைகள் சிதறிக் கிடந்தன. அவற்றின் மேற்பூச்சில் குடற்சுவரின் செல்கள் ஒட்டியிருக்கும். சிறு குப்பியில் எத்தனால் ஊற்றி அவற்றை இட்டுவைத்தால் போதும். ஆய்வகத்தில் தனித்தனி ஆட்டையும் அதன் பாலினத்தையும் உறவையும் பிரித்தறிய முடியும். கணக்கெடுப்புக்காகச் செங்குத்தான பாறைகளில் ஏறி இறங்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் பழங்குடிக் கண்காணிப்பாளர்களும் புழுக்கை கிடக்குமிடத்தை என்னைவிட நன்றாக அறிவார்கள். அவர்கள் கையில் குப்பிகளையும், இடத்தையும் நாளையும் எழுதுவதற்கான சீட்டுகளையும், உரிய பயிற்சியையும் கொடுங்கள்.

புல்வெளியை மூடிய சீகை (வாட்டில்) என்னும் அயல் மரங்களை அகற்றும் வேலை இதனால் தள்ளிப்போகக் கூடாது. மேய்ச்சல் நிலமின்றி எந்த மரபணுவும் பிழைக்காது.

கேரளத்தின் இரவிகுளத்து ஆடுகளும் தென்கிளையைச் சேர்ந்தவையே என்பதால், இரு மாநிலங்களும் ஒரே முறையில் மாதிரி எடுத்து, முடிவுகளைப் பொதுவில் வைத்தல் வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு தொடங்கும் முன்பே இதற்கான ஆணை பிறப்பிக்குமாறும், மலைவாரியான மரபணுப் பதிவு முடியும்வரை கணவாயைத் தாண்டி ஓர் ஆட்டையும் இடம் மாற்ற வேண்டாம் என்றும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியிலிருந்து ஓர் இயற்கை ஆர்வலர்