பெட்டியைத் திறப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில், நோயாளர்கள் குடும்ப வைத்தியருடன் மின்னஞ்சலில் தொடர்புகொள்வது பற்றிய கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி: கிழக்கு மாகாண மக்கள் இதற்கு இன்னும் பழகவில்லையாம். எழுதியவர் எங்களை எப்போது பழக்கிப் பார்த்தாரோ தெரியாது. அந்த வரிக்குப் பிறகு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

நான் முப்பத்தொரு வருடம் தபால் திணைக்களத்தில் வேலை பார்த்து, தபாலதிபராக ஓய்வு பெற்றவன். சண்டைக் காலத்தில் எழுத வாசிக்கத் தெரியாத தாய்மார் கந்தோர் வாங்கிலில் வந்து குந்தியிருந்து சொல்லச் சொல்ல, சவூதியிலிருக்கும் மகள்மாருக்கு எத்தனை கடிதம் எழுதியிருப்பேன். அதே தாய்மார் இன்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தை வீடு வீடாகக் கொண்டுவந்து தந்ததும் எங்கள் தபாற்காரப் பொடியன்கள்தான். மட்டக்களப்பானுக்குச் செய்தி அனுப்பப் பழக்கமில்லையாம்!

நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவிக்குப் பிரஷருக்குப் புதிதாக எனலப்ரில் என்ற குளிசை எழுதினார்கள். மூன்றாம் கிழமை வறட்டு இருமல் தொடங்கியது. படுத்தால் இருமல், எழும்பினால் இருமல். சூடடிப்புக் காலம், வைக்கோல் தூசி என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்தோம், ஆடாதோடை அவித்தோம். மருந்துத் துண்டின் தலைப்பில் டொக்டரின் ஈமெயில் விலாசம் நீல மையில் வடிவாக அச்சடித்திருந்தது. அதற்கு எழுதினேன். எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்கியது, இருமல் எப்போது வந்தது, இவ்வளவும் நாலே வரியில். தந்தி எழுதிப் பழகியவனுக்கு நாலு வரியே அதிகம். பதில் இல்லை. ஒரு கிழமை பொறுத்து இன்னொன்று அனுப்பினேன். அதற்கும் இல்லை.

பிறகென்ன, புறப்பட்டோம். நாங்கள் படுவான்கரை, அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை ஆட்கள். மண்டூரில் பாதைப் படகுக்குக் காத்துநின்று, வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து பஸ். (மண்முனைப் பாலம் 2014இல் திறந்தாயிற்று, ஆனால் அது எங்களுக்குச் சுற்று.) டிஸ்பென்சரியில் எங்களுக்குக் கிடைத்த நம்பர் 43. உள்ளே போகும்போது இரவு எட்டரை தாண்டிவிட்டது. டொக்டர் தலையை நிமிர்த்தி, "இது குளிசையால வாற இருமல் ஐயா, லொசாட்டன் மாத்தி எழுதுறன்" என்றார். ஒரு நிமிடம் இருக்கும். அந்த நேரத்தில் படுவான்கரைப் பக்கம் திரும்ப யானைப் பயம். மச்சாள் வீட்டில் தங்கி அடுத்த நாள்தான் வீடு வந்தோம்.

வெளிக்கிடும்போது ஈமெயில் அனுப்பியதைச் சொன்னேன். "அது மகன் திறந்து தந்தது ஐயா. அவன் இப்ப வெளிநாட்டில படிக்கிறான். பாஸ்வேர்ட் அவனிட்டத்தான்." நான் சிரித்துவிட்டேன். மனைவி சிரிக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, சந்தியில் தபாற்பெட்டியை நட்டுவிட்டு, அதன் திறப்பையும் தொலைத்துவிட்டு, இந்த ஊரார் கடிதம் போடப் பழகவில்லை என்று மேலிடத்துக்கு நான் அறிக்கை அனுப்பியிருந்தால் என்னை என்ன செய்திருப்பார்கள்?

மின்னஞ்சலில் நோயாளியின் இரகசியம் போய்விடும் என்றும் கட்டுரை கவலைப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் எடுத்துக் காட்டுகிறது. நல்ல சட்டம். ஆனால் தாங்கள் அறியாததல்ல, எங்கள் டிஸ்பென்சரிகளில் டொக்டருக்கும் வாங்கிலுக்கும் நடுவில் தொங்குவது ஒரு திரைச்சீலை. 42ஆம் நம்பர்காரருக்கு மூல வியாதி என்பது அன்று வாங்கில் முழுக்கத் தெரியும். இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் தயார் என்று எனக்கு வரும் குறுஞ்செய்தியோ சிங்களத்தில் வருகிறது. 1987 தொடக்கம் தமிழும் அரசகரும மொழி. அந்தக் குறுஞ்செய்தியைப் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் காட்டித்தான் விளங்கிக்கொள்கிறேன். இரகசியம்!

டொக்டர்மாரைக் குறை சொல்லிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. பகல் முழுக்க ஆஸ்பத்திரி, பின்னேரம் டிஸ்பென்சரி. ஈமெயில் பார்ப்பதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? இங்கிலாந்தில் குடும்ப வைத்திய நிலையங்கள் காலை 8 மணியிலிருந்து மாலை 6.30 வரை இணையவழிக் கேள்விகளை ஏற்கவேண்டும் என்று 2025 ஒக்டோபர் 1 முதல் விதி. வேலைப்பளு தாங்காது என்று அங்குள்ள மருத்துவ சங்கமே எதிர்த்தது. அதில் நியாயமும் இருக்கிறது. நெஞ்சுநோவுக்கு ஈமெயில் எழுதும் விசர் எங்களுக்கில்லை, 1990 அம்புலன்சுக்கு அடிப்போம். இருமலா குளிசையா என்று கேட்கிற ஒரு வரிக்குத்தான் பதில் கேட்கிறோம். டிஸ்பென்சரியில் எடுக்கிற காசில் பாதியை அந்தப் பதிலுக்கு எடுக்கட்டும், தருகிறேன். கிழமையில் இரண்டு நாள் ஒரு மணித்தியாலம் பார்த்தாலும் போதும். பார்க்கவே வசதியில்லையென்றால், அடுத்தமுறை துண்டு அச்சடிக்கும்போது அந்த விலாசத்தை எடுத்துவிடட்டும்.

தங்களிடம் நான் கேட்பது, அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தம். போன வருடம் நான் எழுதிய கடிதத்தைப் போல இதையும் பாதியாக வெட்டுவதானால், இருமல் பகுதியை மட்டும் விட்டுவைக்கவும். டொக்டருக்கு அனுப்பிய இரண்டு ஈமெயில்களின் பிரதியையும் இணைத்துள்ளேன். திகதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இக்கடிதத்தை முதலில் தங்கள் மின்னஞ்சல் விலாசத்துக்கே அனுப்பினேன். பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்தது. ஆகவே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
மண்டூர்.