பூல் பில்லியர்ட்ஸ் ஆடுபவரின் கண்ணாடியையும் கொஞ்சம் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளியை முடிக்கும் வயதுக்குள் மூன்று பிள்ளைகளில் இருவருக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. 2001ஆம் ஆண்டு முதல் இதற்கென்றே தேசியத் திட்டம் நடக்கிறது. பள்ளியிலேயே கண்ணைச் சோதிக்கிறார்கள், வெளியில் போய் விளையாடச் சொல்கிறார்கள். எல்லாம் நல்ல காரியம். ஆனால் கண்ணாடி போட்ட பிள்ளை விளையாடப் போனபிறகு, அந்தக் கண்ணாடி அந்த விளையாட்டுக்கு ஒத்துவருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. பூப்பந்தில், காற்பந்தில் எப்படியோ சமாளித்துவிடலாம். பூல் மேசையில் அது நடக்காது. கியூ என்ற நீண்ட கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக்கொண்டு மற்றப் பந்துகளை மேசையோரத்துப் பாக்கெட்டுகளில், அதாவது குழிகளில், விழவைக்கும் ஆட்டம் அது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பட்டறைப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வந்த லென்சை ஃபிரேமுக்குத் தகுந்தபடி வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பொருத்திக் கொடுப்பது என் தொழில். பூல் ஆடுவது இளவயதிலிருந்தே இருக்கும் பிரியம். இப்போதும் வாரக் கடைசியில் நண்பர்களோடு ஆடுகிறேன். இரண்டையும் தெரிந்தவன் என்பதால் இது என் கண்ணில் படுகிறது.

பூல் ஆடுபவர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். இடுப்பை வளைத்து, தாடை கியூவை உரசும் அளவுக்குத் தலை இறங்கும். முகம் மேசையைப் பார்த்திருக்கும். கண் மட்டும் மேலே ஏறி, புருவத்துக்கு அடியிலிருந்து தூரத்துப் பந்தைப் பார்க்கும். அன்றாடக் கண்ணாடியோ நேராக நின்று பார்ப்பதற்காகச் செய்தது. லென்சின் மையம் கண்மணிக்கு நேராக இருக்கும். மேசையில் குனிந்ததும் பார்வை அந்த மையத்தை விட்டு லென்சின் மேல் விளிம்புக்குப் போய்விடும். ஃபிரேம் சிறியதாக இருந்தால் அதற்கும் மேலே போய், பாதிப் பந்து தெளிவாகவும் பாதிப் பந்து மங்கலாகவும் தெரியும்.

விளிம்பு வழியாகப் பார்த்தால் என்ன ஆகும்? தண்ணீரில் விட்ட குச்சி இடம் மாறித் தெரிவதுபோல, பந்தும் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளித் தெரியும். எவ்வளவு தள்ளி என்பதற்குப் பட்டறையில் ஒரு கணக்கு உண்டு. லென்சின் பவரை, மையத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் விலகிப் பார்க்கிறோமோ அதால் பெருக்க வேண்டும். வரும் விடை, ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை சென்டிமீட்டர் இடம் மாறித் தெரியும் என்பது.

என் அக்கா மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். அங்கே நண்பர்களோடு பூல் ஆடக் கற்றுக்கொண்டாள், கை நன்றாக வந்தது. கிட்டத்துப் பந்தைத் தவறவிட மாட்டாள். மேசையின் மறுமுனையில் இருக்கும் பந்து என்றால் மட்டும் தப்பிவிடும். கற்றுக்கொடுத்தவர் கவனம் போதவில்லை என்றார். அவளும் அதையே நம்பிக்கொண்டிருந்தாள். "மாமா, கடைசி நேரத்துல பந்து ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டா தெரியுது, நான் யார்கிட்டயும் சொல்லல" என்று என்னிடம்தான் சொன்னாள்.

அவளுடைய கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். இடது கண் 650 டிகிரி, வலது கண் 350. நம் ஊர்க் கடைகளில் 650 டிகிரி என்றால் ஆறரை டயாப்டர், அதாவது கணக்குக்கு லென்சின் பவர் ஆறரை. அவளைச் சாப்பாட்டு மேசையில் கியூவோடு ஆடுவதுபோல் குனியச் சொல்லி, கண் எந்த இடம் வழியாகப் பார்க்கிறதோ அங்கே லென்சில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். நிமிர்ந்து நேராகப் பார்க்கச் சொல்லி இன்னொரு புள்ளி. ஸ்கேலை வைத்தால் இரண்டுக்கும் நடுவே 12 மில்லிமீட்டர். மேல் புள்ளி ஃபிரேமின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். இடது கண்ணுக்கு ஆறரையை 1.2ஆல் பெருக்கினால் 7.8. வலது கண்ணுக்கு 4.2. இரண்டு கண்ணும் ஒரே அளவுக்குப் பந்தைக் கீழே இறக்கிக் காட்டினால் மூளை பழகிக்கொள்ளும். இங்கே இரண்டுக்கும் 3.6 சென்டிமீட்டர் வித்தியாசம், அதுவும் ஒரு மீட்டருக்கு. பந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் 7 சென்டிமீட்டருக்கு மேல். பூல் பந்தின் குறுக்களவே 5.7 சென்டிமீட்டர்தான். அதாவது இடது கண் காட்டும் பந்துக்கும் வலது கண் காட்டும் பந்துக்கும் நடுவே ஒரு முழுப் பந்தைவிட அதிக உயர வித்தியாசம். இரண்டையும் ஒன்றாக இழுத்துப் பிடிக்கக் கண் படாத பாடு படும். சோர்ந்தால் பிரிந்துவிடும். மூலைப் பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய இரண்டு பந்து அகலம்தான். இந்த நிலையில் அவள் போட்ட பந்துகளே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது.

வகுப்பில் அவளுக்கு இந்தத் தொல்லை வந்ததே இல்லை. பலகையைப் பார்க்க வேண்டுமென்றால் தலையையே நிமிர்த்திக்கொள்கிறோம், பார்வை மையத்திலேயே இருக்கும். பூலில் தலையை நிமிர்த்த வழியில்லை. அதனால்தான் கடையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துக்காட்டிய அதே கண்ணாடி மேசையில் கைவிட்டுவிடுகிறது. கடையைக் குறை சொல்லியும் பயனில்லை, அவர்கள் எழுதிக் கொடுத்த பவர் சரியான பவர்தான். என்ன விளையாடுகிறாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பவர் அதிகம் உள்ளவர்கள் மெலிதாக இருக்கட்டும் என்று ஹை இண்டெக்ஸ் லென்ஸ் வாங்குகிறார்கள். அழகுக்குச் சரி. ஆனால் அந்தப் பொருளில் விளிம்பு வழியாகப் பார்த்தால் வெளிச்சம் நிறம் பிரிந்து, பந்தைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடு தெரியும். மேசையின் நேரான ஓரத் தடுப்பான குஷன்கூடச் சற்று வளைந்ததுபோல் இருக்கும். அப்புறம், மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு. பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லாத லென்சில் அந்த விளக்கு அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். பூல் ஆடுபவர் அந்தப் பூச்சு வேண்டாம் என்று காசை மிச்சம் பிடிக்கக்கூடாது.

இதற்கு விடை எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது. பூலைப் போலவே மேசையில் ஆடும் ஸ்னூக்கரைப் பார்க்கிற பெரியவர்களுக்கு டெனிஸ் டெய்லரை நினைவிருக்கும். 1985 உலக வெற்றியாளர் போட்டியின் இறுதியாட்டத்தில் ஸ்டீவ் டேவிசை 18-17 என்று கடைசிக் கறுப்புப் பந்தில் வென்றவர். முகத்தில் பாதியை மூடும் அந்தப் பெரிய கண்ணாடியைப் பார்த்துத் தலைகீழாகப் போட்டிருக்கிறார் என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் உண்டு. அதைச் செய்துகொடுத்தவர் ஜேக் கார்னம். அவரே பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர், வர்ணனையாளர், கண்ணாடித் தொழிலும் தெரிந்தவர். லென்ஸ் புருவத்துக்கு மேலே வரை உயர்ந்திருக்கும், குனிந்தால் கண்ணுக்கு நேராக வரும்படி சாய்ந்திருக்கும், மையமும் மேலே தள்ளி வைத்திருக்கும். டெய்லருக்கும் வெகுகாலம் முன்பே ஃபிரெட் டேவிஸ் என்ற இன்னொரு ஸ்னூக்கர் ஆட்டக்காரர் லென்சைச் சாய்த்துக்கொள்ளும்படியான கண்ணாடியோடு ஆடியிருக்கிறார். இன்றைக்கும் இந்த மாதிரிக் கண்ணாடியைச் செய்து வாங்கலாம்.

அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்பவர்களுக்குச் சாதாரணக் கடையிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். உயரமான ஃபிரேமாகத் தேர்ந்தெடுங்கள், மேல் விளிம்பு புருவத்தைத் தாண்டட்டும். மூக்கில் பதியும் பேடு உள்ளதாக இருக்கட்டும், அதை நெருக்கி வளைத்தால் ஃபிரேம் மேலே ஏறும். பேடு இல்லாத பிளாஸ்டிக் ஃபிரேம் நம் ஊர் வியர்வையில் வழுக்கிக்கொண்டு கீழே வரும். முக்கியமாக, அளவெடுக்கும்போது கடையின் மேசையிலேயே குனிந்து காட்டுங்கள், அந்த நிலையில் மையத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. என்னிடம் அப்படி யாராவது கேட்டிருந்தால் மகிழ்ச்சியாகச் செய்திருப்பேன். ஆனால் அந்தக் கண்ணாடி மேசைக்கு மட்டும்தான். அதைப் போட்டுக்கொண்டு படி இறங்காதீர்கள்.

என் அக்கா மகளுக்குக் காண்டாக்ட் லென்ஸ்தான் பொருந்தியது. கண் எங்கே திரும்பினாலும் லென்சும் கூடவே போவதால் விளிம்பு என்ற பேச்சே இல்லை. இரண்டாகத் தெரிந்த பந்து அன்றைக்கே ஒன்றாகிவிட்டது. இன்னொன்றும் நடந்தது. கிட்டப்பார்வைக் கண்ணாடி எதையும் சற்றுச் சிறிதாக்கிக் காட்டும். ஆறரை டயாப்டருக்கு ஏறக்குறைய 7 விழுக்காடு. காண்டாக்ட் லென்சில் அந்தக் குறைவு பெரும்பாலும் மறைந்துவிடுவதால் பந்து பெரிதாக, கிட்டத்தில் இருப்பதுபோல் தெரியும். முதல் சில வாரங்கள் வெள்ளைப் பந்தை அடிக்கும் வேகம் அவளுக்குக் குழம்பியது. இது எல்லாருக்கும் வருவதுதான். போட்டி நெருங்கும்போது மாற்றாதீர்கள், பழக நேரம் கொடுங்கள்.

காண்டாக்ட் லென்சுக்கும் தொல்லை உண்டு. கவனம் கூடும்போது நாம் இமைப்பது குறைகிறது, பூல் கூடத்தில் ஏர்கான் குளிர் வேறு. லென்ஸ் காய்ந்து பார்வை மங்கும். கியூவை வைக்கும் முன் இரண்டு மூன்று முறை நன்றாக இமைத்துக்கொண்டு குனிய வேண்டும். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாதவர்களுக்கானது) உள்ள லென்ஸ், தலை சாயும்போது சிலருக்குச் சற்றுத் திரும்பும், இமைத்தால் இடத்துக்கு வந்துவிடும்.

கை சுத்தம் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூல் ஆடுபவரின் விரலில் எப்போதும் கியூ முனையில் தேய்க்கும் நீலச் சாக்கின் தூள் இருக்கும். அந்த விரலாலேயே உறுத்தும் கண்ணைக் கசக்குவதையும், லென்சைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசித் திரும்பப் போடுவதையும் பூல் கூடத்துக் கழிவறையில் நான் பார்த்திருக்கிறேன். ஐயா, வேண்டவே வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருக்கும் ஒருவகைக் கிருமி கருவிழியைத் தின்றுவிடும். 2005, 2006 ஆண்டுகளில் இங்கே காண்டாக்ட் லென்ஸ் போட்டவர்கள் 60 பேருக்கு மேல் கருவிழியில் பூஞ்சைத் தொற்று வந்து அவதிப்பட்டதைப் பலர் மறந்திருப்பார்கள். லென்ஸ் கழுவும் ஒரு திரவம் அதனால் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. விளையாடுபவருக்கு ஒரு நாள் போட்டு எறியும் லென்ஸ் நல்லது. பையில் ஒரு ஜோடி கூடுதலாகவும், பழைய கண்ணாடியும் இருக்கட்டும். கண் சிவந்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வயதானவர்கள் விஷயம் வேறு. என்னோடு ஆடும் நண்பர் ஒருவர் கப்பல் பட்டறையில் இருந்தவர், 60ஐத் தாண்டியவர், புரோகிரசிவ் கண்ணாடி போடுகிறார். அந்த லென்சில் தூரத்துக்கான பவர் மேலே, படிப்பதற்கானது கீழே. குனிந்தால் மேல்பகுதி வழியாகத்தான் பார்க்க முடியும். தூரத்துப் பந்து தெரியும், ஒரு மீட்டருக்குள் இருக்கும் வெள்ளைப் பந்தும் கியூ முனையும் மங்கிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் எல்லாம் நெளியும். ஆட்டத்துக்கென்று தனியாக ஒரே பவர் லென்ஸ் போட்டுக்கொள்வதே இவர்களுக்கு வழி. கிட்டப்பார்வை உள்ளவர் என்றால் தூரப் பவரிலிருந்து 50 முதல் 75 டிகிரி வரை குறைத்து, நடுத்தூரத்துக்கு வைத்தால் இரண்டு பந்தும் ஓரளவு தெளியும். எவ்வளவு என்பதைக் கண் பார்ப்பவர் சோதனைக் கண்ணாடியில் லென்சை மாற்றி மாற்றி வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்டம் என்று காண்டாக்ட் லென்ஸ் போடும் முறையும் உண்டு. செய்தித்தாள் படிக்க, கடைக்குப் போக அது வசதி. தூரத்தைக் கணிக்க இரண்டு கண்ணும் சேர்ந்து உழைக்க வேண்டிய பூலுக்கு அது ஆகாது.

2021இல் அமெரிக்கப் பொது பூல் போட்டியின் இறுதியாட்டம் வரை போன அலோசியஸ் யாப் நம் ஊர்ப் பிள்ளை. பூல் என்றாலே வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கும் பெற்றோர் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. என் கோரிக்கை வேறு இடங்களுக்கு. கண்ணாடிக் கடைகள், பவர் எழுதும் தாளில் என்ன வேலை, என்ன விளையாட்டு என்று ஒரு வரி சேர்க்கட்டும். சமூக மன்றங்களிலும் கல்லூரிகளிலும் பூல் சொல்லித்தருபவர்கள், கண்ணாடி போட்ட மாணவர் குனிந்து நிற்கும்போது பக்கத்தில் போய் நின்று, பார்வை லென்சின் எந்த இடம் வழியாகப் போகிறது என்று பார்க்கட்டும். பந்து ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டாகத் தெரிகிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளைகள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மூக்குக்கண்ணாடித் தொழிலாளி,
ஈசூன்