சனிக்கிழமைத் திரையிடல்: வரும் முன் படியுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். பரவசம், தரிசனம், பித்து பற்றிய சோதனைக் குறும்படத்தை வரும் சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு நமது சங்க அரங்கில் திரையிடுகிறோம்.

1. படத்தின் நடுவே கறுப்பும் வெள்ளையும் வேகமாக மாறிச் சிமிட்டும். நொடிக்கு 3 முறைக்கு மேல் சிமிட்டும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். இதில் வீராப்பு வேண்டாம்.

2. பார்க்கும்போது சங்கடமாக இருந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இரு கண்களையும் இறுக மூடுவது உதவாது. சிமிட்டும் ஒளி இமையையும் ஊடுருவும். மூடிய கண்ணுக்குள் அப்படித் தோன்றும் கோலங்களைச் செக் உடலியலாளர் புர்கின்யே 1819இலேயே எழுதிவைத்தார். ஆக, நீங்கள் காணப்போகும் உருவங்களில் சில திரையிலேயே இருக்காது!

3. குழந்தைகளை அழைத்துவர வேண்டாம்.

4. கதை எங்கே என்று பாதியில் கேட்காதீர்கள். இல்லை.

5. படத்துக்குப் பின் கலந்துரையாடல் உண்டு. தெரிந்தவர்களின் மனநோயை எடுத்துக்காட்டாகப் பேசுவதைத் தவிர்க்கவும்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று இங்கே பதிலிடுங்கள். உடல்நிலை பற்றிய ஐயங்களை எனக்குத் தனியாக அனுப்பலாம்.