கசகசா அனுப்ப வேண்டாம், ஆச்சி

கிராய்டன், லண்டன்
ஆகஸ்ட் 3

அன்புள்ள ஆச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? இதைத் தம்பியை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுவான்.

போனில் பேசும்போது, "அங்கே கசகசா கிடைக்குமா, யாரிடமாவது கொடுத்துவிடவா?" என்று கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். இங்கே கடையில் தாராளமாகக் கிடைக்கிறது, நிறம்தான் கருநீலம். ஆனால் துபாய்க்குப் போகிற சித்தப்பா மகன் பெட்டியில் மட்டும் மறந்தும் வைத்துவிடாதீர்கள். அங்கேயும் சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்த பொருள்.

நமக்கு இனி கடையும் வேண்டியதில்லை. என் கொல்லையிலேயே கசகசாச் செடி காய்த்து நிற்கிறது. பதறாதீர்கள், அபினிச் செடியேதான். நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசப் பக்கம் உரிமம் வாங்கினால்தான் பயிரிட முடியும். இங்கே பூவுக்காக வீட்டில் வளர்த்தால் யாரும் கேட்பதில்லை. காயைக் கீறிப் பால் எடுத்தால்தான் குற்றம்.

போன வருடம் எனக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. கத்தரி மாதிரி நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டேன்; இரண்டே நாளில் அத்தனையும் படுத்துவிட்டன. இதற்கு ஆணிவேர், அதை அசைத்தால் பிழைக்காதாம். இந்த வருடம் நீங்கள் எள் விதைக்கிறதை நினைத்துக்கொண்டு, மார்ச் மாதம் விதையை மணலோடு கலந்து நேரே தூவினேன். மண்ணைப் போட்டு மூடவில்லை. வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். அப்புறம் சாணுக்கு ஒன்றாகக் கலைத்துவிட்டேன். பிடுங்கிப் போட எனக்கு மனசே வரவில்லை.

காய் காய்ந்ததும் மூடிக்கு அடியில் சின்னச் சின்ன வாசல் திறக்கிறது. காற்றடித்தால் உப்பு டப்பாவைக் குலுக்கின மாதிரி விதை கொட்டும்.

கசகசாச் செடியையும் அதன் சொந்தக்காரச் செடிகளையும் இங்கே பாப்பி என்பார்கள். இந்தக் குடும்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது வயற்காட்டுச் சிவப்புப் பாப்பி. கோதுமைக்கு நடுவே களையாக முளைப்பது. இதன் விதை வருடக் கணக்கில் மண்ணுக்குள் கிடக்கும், யாராவது கிளறினால் எழுந்து வரும். முதல் உலகப்போரில் குண்டு விழுந்து புரண்ட நிலமெல்லாம் இது பூத்ததால்தான் இங்கே நவம்பரில் போரில் இறந்தவர்கள் நினைவாக நிறையப் பேர் சட்டையில் காகிதப் பாப்பி குத்திக்கொள்கிறார்கள். இதன் இதழைப் பாகு காய்ச்சி இருமலுக்குக் கொடுப்பார்களாம். மருந்துக்குச் சிவப்பு நிறம் ஏற்றவும் அதுதான். இதில் அபினிச் சத்து கிடையாது.

எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஷெர்லி என்று ஒரு பகுதி. அங்கே வில்லியம் வில்க்ஸ் என்ற பாதிரியார் இருந்தார். 1880 வாக்கில் தன் தோட்டத்து மூலையில் இந்தச் சிவப்புப் பூக்களுக்கு நடுவே ஒரே ஒரு பூவுக்கு வெள்ளைக் கரை இருந்ததைப் பார்த்திருக்கிறார். அந்த விதையை மட்டும் எடுத்து விதைத்து, வருடா வருடம் நல்லதைப் பொறுக்கிப் பொறுக்கி, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று எத்தனையோ நிறம் கொண்டுவந்துவிட்டார். நடுவிலிருந்த கறுப்பையும் போக்கிவிட்டார். நீங்கள் விதைக்கு முற்றின கத்தரிக்காயில் கயிறு கட்டி வைப்பீர்களே, அதே வேலைதான், ஆச்சி.

கலிபோர்னியாப் பாப்பியும் ஒரு தொட்டியில் வைத்தேன். ஆரஞ்சு நிறம். அந்த ஊர்ப் பழங்குடிகள் இதன் வேரைப் பல்வலிக்கு வைப்பார்களாம். ஆனால் மேகம் போட்டால் பூ மூடிக்கொள்ளும். லண்டனில் அது திறந்து நான் பார்த்த நாட்கள் குறைவு.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் சொந்த ஊர் இங்கிலாந்தின் கிழக்கே ஈலி பக்கம். ஒரு காலத்தில் சுற்றிலும் சதுப்பு நிலம், கொசு, குளிர்காய்ச்சல். வீட்டுக்கு வீடு வெள்ளைப் பாப்பி, அதாவது வெள்ளைப் பூ பூக்கிற அபினிச் செடி வைத்து, காயை வேகவைத்துத் தேநீராகக் குடித்தார்களாம். பல் முளைக்கிற குழந்தைக்கும் கொடுத்திருக்கிறார்கள். தூங்கிய சில பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை என்றார். ஒரு காயைப் போல இன்னொரு காயின் வீரியம் இருக்காது, எப்படி அளப்பது? 1868-ல் சட்டம் போட்டுத்தான் அபினி விற்பனைக்குக் கடிவாளம் போட்டார்கள். தூக்கம் வர நீங்கள் பாலில் அரைத்துத் தரும் கசகசா வேறு விஷயம். விதையில் அந்த மயக்கச் சத்து கிட்டத்தட்ட இல்லை. காயின் பக்கமே போகக்கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். நம் கண்மாய்க் கரையில் முள்ளும் மஞ்சள் பூவுமாக நிற்கிற பிரமதண்டும் இந்தக் குடும்பம்தான், மெக்சிகோவிலிருந்து வந்தது. சிரங்குக்கு அதன் மஞ்சள் பாலைத் தடவுவீர்களே! தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1998-ல் தில்லியில் அதன் விதை எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்து, உடம்பு வீங்கிப் பலர் செத்துப்போனார்கள்.

சரி, அடுப்பில் வேலை கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சொந்தக் கசகசாவை முதல் தடவையாகத் தேங்காயோடு அரைத்துக் குருமா வைத்தேன். ருசி உங்கள் கைப்பக்குவத்துக்குக் கிட்டத்தில் வந்தது. நிறம்தான் சாம்பல். உங்கள் கொள்ளுப்பேரன் அதற்குச் சிமென்ட் குழம்பு என்று பெயர் வைத்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தி