நலச் சங்க ஆண்டறிக்கை 2024-25: பகல்ல மோட்டார் போட ஆரம்பிச்ச வருஷம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஏப்ரல்ல இருந்து மார்ச் வரைக்கும் செயற்குழு மாசம் ஒருக்கா தவறாம கூடுச்சு. பார்க் வேலி போட்டாச்சு, குப்பை வண்டி பிரச்சனை முடிஞ்சுது, வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாரு. இந்த வருஷம் பாதி நேரம் கரண்ட் விஷயத்துலயே போனதால அத மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லிடறேன்.

நம்ம லேஅவுட்ல 11 வீட்டு மாடியில சோலார் வந்துருச்சு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்குதுன்னு இன்னும் 4 பேரு அப்ளை பண்ணியிருக்காங்க. சங்கக் கட்டடத்துலயும் 10 கிலோவாட் இருக்கு. மே மாசம் ஒரு நாள் மத்தியானம் பன்னண்டரைக்கு ரீடிங் எடுக்க மாடிக்கு போனேன், வெயில் சுள்ளுனு அடிக்குது, ஆனா இன்வெர்ட்டர்ல, அதாவது சோலார் கரண்ட வீட்டுக் கரண்டா மாத்தற பெட்டியில, உற்பத்தி சைபர். சிவப்பு லைட் எரியுது, ஓவர் வோல்டேஜ்னு எழுத்து ஓடுது, ஒரு பேஸ்ல 256 வோல்ட். கொஞ்ச நேரத்துல தானா ஓட ஆரம்பிச்சுது, திரும்பவும் கட். அங்கயே ஒரு மணி நேரம் நின்னு எண்ணுனேன், 9 தடவ.

காரணம் இதுதாங்க. பகல்ல எல்லாரும் வேலைக்கு, பசங்க ஸ்கூலுக்கு, வீட்டுல பிரிட்ஜ் மட்டும் தான் ஓடும், ஆனா 12 மாடியில இருந்தும் கரண்ட் ஒரே டிரான்ஸ்பார்மருக்கு எதிர்ப்பக்கமா பாயுது, வோல்டேஜ் ஏறிக்கிட்டே போயி இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காக தானா நின்னுக்குது. சாயங்காலம் ஏழு மணிக்கு அப்படியே தலைகீழ், சோலார் இருக்காது, எல்லா வீட்லயும் ஏசி, மிக்ஸி, மோட்டார்.

நம்ம தெருவுல நடக்கறது தான் கிரிட்னு சொல்ற நாட்டோட மொத்த மின் வலைப்பின்னல்லயும் நடக்குது. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு செலவாகுதோ அவ்வளவு உற்பத்தி ஆகணும், அப்ப தான் கரண்டோட அலைவெண் 50 ஹெர்ட்ஸ்ல, அதாவது நொடிக்கு 50 சுத்துல, நிக்கும். உடுமலைப் பக்கம் ஆடிக் காத்துல கரண்ட் எடுக்கற காத்தாடி சுத்துறத நாம பாக்கறோம், ஆனா அந்தக் காத்து நாம சொன்னா நிக்காது, சொன்னா வராது. 2020 ஏப்ரல் 5 ராத்திரி 9 மணிக்கு லைட்ட அணைச்சு அகல் விளக்கு ஏத்துனோமே, அன்னைக்கு நாடு முழுக்க சுமார் 31,000 மெகாவாட் தேவை சட்டுனு குறைஞ்சுது, அத சமாளிக்க பெரிய கை குடுத்தது நீர்மின்சாரம், ஏன்னா அனல் நிலையம் மாதிரி இல்லாம அத நிமிஷக் கணக்குல இறக்கி ஏத்த முடியும். ஆழியாறுக்கு மேல கடம்பாறைல 400 மெகாவாட்டுக்கு இதே வேலைக்குன்னே ஒரு நீர்மின் நிலையம் இருக்கு, மிச்சக் கரண்ட் இருக்கறப்ப கீழ் அணைத் தண்ணிய மேல பம்ப் பண்ணி வச்சுக்கிட்டு, தேவை ஏறுறப்ப இறக்கி கரண்ட் எடுக்கறாங்க.

நம்ம ஓவர்ஹெட் டேங்க்கும் அந்த வேலைய செய்யும்னு அப்ப தான் தோணுச்சு. இவ்வளவு நாளா காலைல 6 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் போட்டுட்டு இருந்த ரெண்டு மோட்டாரையும் ஜூன்ல இருந்து 11 மணிக்கு மேல போடறோம். வாட்ச்மேன் அண்ணன் ஒரு நாள் கூட மறக்கல, அவருக்கு சங்கத்தோட தனி நன்றி. இப்ப இன்வெர்ட்டர் நிக்கறது வெகுவா குறைஞ்சுருச்சு, எப்பவாவது தான் நிக்குது.

மின்வாரிய ஆபீஸ்ல எழுதிக் குடுத்து டிரான்ஸ்பார்மர் டேப்பையும், அதாவது வோல்டேஜ கூட்டிக் குறைக்கற அமைப்பையும், ஒரு படி இறக்குனோம், லைன்மேன்க மத்தியான வெயில்ல சப்ளைய நிறுத்திட்டு செஞ்சு குடுத்தாங்க. ஆனா கடைசித் தெருக்காரங்க ராத்திரி ஃபேன் மெதுவா சுத்துதுன்னு சொன்னாங்க, அது நியாயமான புகார், நானே போயி 198 வோல்ட் பாத்தேன். பகலுக்காக இறக்குனா ராத்திரி அடி வாங்குது, அதனால டேப்ப பழையபடி ஏத்தியாச்சு. கரண்ட் செலவ பகலுக்கு மாத்தறது தான் நமக்கு வழின்னு நான் உறுதியா நம்பறேன்.

அதனால இந்தப் பொதுக்குழு முன்னாடி ரெண்டு தீர்மானம் வைக்கறேன். மோட்டார் ரெண்டுக்கும் டைமர் வாங்க 6,500 ரூபாய் ஒதுக்கணும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வச்சிருக்கற 7 வீட்டுக்காரங்களுக்காக சங்கக் கட்டடத்துல பகல் சார்ஜிங் பாயின்ட் ரெண்டு போடணும், வண்டி வீட்ல நிக்கற நாள்ல மத்தியானம் இங்க போட்டுக்கலாம், சாயங்காலம் வேண்டாம். கிரைண்டர், வாஷிங் மெஷின் ஓடவிடறவங்களும் முடிஞ்ச வரைக்கும் 11-ல இருந்து 3 மணிக்குள்ள பாத்துக்கோங்க. கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க, ரீடிங் நோட்டு கைலயே வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
செயலாளர்